பேறுகாலத் துணைவியின் உழைப்பும் பழங்குடிப் பெண்களின் உரிமையும்

(மகளிர் அரங்க ஊழியர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பிரசவ வலியில் இருக்கும் பெண்ணின் அருகே அமர்ந்து, கையைப் பற்றி, இடுப்பை நீவிவிட்டு, வாய்க்குத் தண்ணீர் கொடுத்து, அஞ்சாதே என்று சொல்லும் மற்றொரு பெண் எல்லாச் சமூகங்களிலும் இருந்திருக்கிறாள். மேலை நாடுகளில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அவளுக்கு 'டூலா' என்ற பெயர் வழங்கிவருகிறது. மானிடவியலாளர் டானா ரஃபேல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த இந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பணிப்பெண், அடிமைப்பெண் என்று பொருள். சத்தீஸ்கரின் கிராமங்களில் இதையொத்த பணியையும் சேர்த்துச் செய்யும் நலவாழ்வுப் பெண் ஊழியருக்கு 'மித்தானின்' என்று பெயர். இரு பெண்கள் சடங்கு முறைப்படி நட்பு ஏற்று, சாதி கடந்தும் வாழ்நாள் முழுதும் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் வழக்கம் அங்கு உண்டு. அவ்வாறு நட்புப் பூண்ட தோழியே மித்தானின்.

ஒரு சொல் அவளை அடிமை என்கிறது. மற்றொன்று தோழி என்கிறது. இந்திய அரசின் ஏடுகளில் அவள் 'தன்னார்வலர்'. இம்மூன்று பெயர்களில் எது அவளுடைய உண்மை நிலையைக் காட்டுகிறது, அந்நிலையை மாற்றக் கட்சி செய்ய வேண்டியது என்ன என்பவையே இன்றைய வகுப்பின் பொருள்.

மகப்பேற்று நீதி என்னும் கருத்து

'மகப்பேற்று நீதி' என்னும் கருத்தாக்கம் 1994ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிகாகோ நகரில் கூடிய 12 கறுப்பினப் பெண்களால் உருவாக்கப்பட்டது. அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்தின் முதன்மை நீரோட்டம் அப்போது கருக்கலைப்பைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையே மையமாக வைத்துப் பேசிவந்தது. வறுமையிலும் இனவெறியிலும் வாழும் பெண்ணுக்கு அது போதவில்லை. எனவே மூன்று உரிமைகள் ஒருங்கே முன்வைக்கப்பட்டன: குழந்தை வேண்டாமென்று முடிவு செய்யும் உரிமை, குழந்தை பெற்றுக்கொள்ளும் உரிமை, பெற்ற குழந்தையைப் பாதுகாப்பான சூழலில் வளர்க்கும் உரிமை. 1997ஆம் ஆண்டு கறுப்பின, பூர்வகுடி, லத்தீன் அமெரிக்க, ஆசியப் பெண்களின் 16 அமைப்புகள் ஒன்றிணைந்து 'சிஸ்டர்சாங்' என்னும் கூட்டமைப்பை உருவாக்கி இக்கருத்தைப் பரப்பின.

பூர்வகுடிப் பெண்கள் இதில் முன்னின்றதற்கு அவர்களுடைய வரலாறே காரணம். அமெரிக்காவில் 1973 முதல் 1976 வரையிலான காலத்தில், பூர்வகுடிகளுக்கான அரசு மருத்துவத் துறையின் நான்கு வட்டாரங்களில் மட்டும் 3,406 கருத்தடை அறுவைகள் நடந்ததை அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமே 1976ஆம் ஆண்டு வெளியிட்டது. முறையான ஒப்புதல் பெறும் நடைமுறைகள் மீறப்பட்டதையும் அது பதிவு செய்தது. பெரு நாட்டில் ஃபுஜிமோரி ஆட்சியின்போது, 1990களின் பிற்பகுதியில், இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் கருத்தடைக்கு உள்ளாயினர். அவர்களில் பெரும்பகுதியினர் மலைப்பகுதிகளில் வாழ்ந்த ஏழைப் பூர்வகுடிப் பெண்கள்.

கனடாவின் வடகோடியில் வாழும் இனுவிட் பெண்கள் மற்றொரு வகை வன்முறையைக் கண்டனர். பிரசவ நாள் நெருங்கியதும் அவர்கள் விமானத்தில் ஏற்றப்பட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள தென்பகுதி மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டனர். குடும்பமும் தாய்மொழியும் அற்ற இடத்தில் வாரக்கணக்கில் காத்திருந்து தனியே பிள்ளை பெற்றனர். இதை எதிர்த்து எழுந்த சமூக இயக்கத்தின் விளைவாக 1986ஆம் ஆண்டு புவிர்னிடுக் என்னும் ஊரில் மகப்பேற்று நிலையம் தொடங்கப்பட்டது. இனுவிட் பெண்களே அங்குப் பயிற்சி பெற்று மருத்துவச்சிகளாகப் பணியாற்றினர். மூத்தோரின் அறிவும் நவீன மருத்துவமும் ஒரே கூரையின்கீழ் வந்தன. பூர்வகுடி டூலாக்களின் இன்றைய அமைப்புகளுக்குப் பின்னால் இத்தகைய அனுபவங்கள் உள்ளன.

மார்க்சியர்களுக்கு இப்பொருள் புதியதன்று. குடும்பத்தின் தோற்றம் குறித்த தம் நூலுக்கு 1884ஆம் ஆண்டு எழுதிய முன்னுரையில், உணவு, உடை, கருவிகள் ஆகியவற்றின் உற்பத்தியோடு மனிதர்களையே உருவாக்கும் உற்பத்தியையும் வரலாற்றின் அடிப்படையாக எங்கெல்ஸ் வைத்தார். அந்த இரண்டாம் உற்பத்தியின் மீது யாருக்கு அதிகாரம் என்பது வர்க்கப் போராட்டத்தின் கேள்வியே.

முகாம்களின் வரலாறு

இந்தியாவில் இக்கேள்விக்கு அரசு அளித்த விடையை அவசரநிலைக் காலம் அம்பலப்படுத்தியது. 1976-77 ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. ஏழைகள், தலித்துகள், முஸ்லிம்கள் வேட்டையாடப்பட்டனர். 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் வட இந்திய மக்கள் இதற்குத் தீர்ப்பளித்தனர். ஆளும் வர்க்கம் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் வேறு: ஆண்களைத் தொட்டால் ஆட்சி கவிழும், சுமையைப் பெண்கள் மீது ஏற்றிவிடலாம். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டும் கணக்கு இது: குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகப் பெண் கருத்தடை அறுவையைச் சார்ந்திருப்போர் 37.9 சதவீதம், ஆண் கருத்தடையைச் சார்ந்திருப்போர் 0.3 சதவீதம்.

பீகாரின் அராரியா மாவட்டத்தில் 2012ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு பள்ளிக்கூடத்தில், இரவு நேரத்தில், கைவிளக்கு வெளிச்சத்தில், ஒரே மருத்துவர் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார். 2014ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், பயன்பாட்டில் இல்லாத ஒரு மருத்துவமனைக் கட்டிடத்தில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். அம்மாவட்டத்தில் அந்த நாட்களில் நடந்த முகாம்களுக்குச் சென்ற பெண்களில் 13 பேர் இறந்தனர். எல்லோரும் இளம் தாய்மார்கள், எல்லோரும் ஏழைகள்.

இறந்தவர்களுள் பைகா என்னும் பழங்குடியைச் சேர்ந்த பெண்ணும் ஒருவர். இங்கு ஒரு முரண்பாட்டைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். மிகவும் நலிவுற்ற பழங்குடிகளின் எண்ணிக்கை குறைந்துவிடக் கூடாது என்று கூறி, அவர்களுக்குக் கருத்தடை அறுவை செய்வதைக் கட்டுப்படுத்தி 1979ஆம் ஆண்டு பிரிக்கப்படாத மத்தியப் பிரதேசத்தின் அரசு ஆணை பிறப்பித்திருந்தது. எனவே நான்கைந்து குழந்தைகளைப் பெற்றுச் சோர்ந்து, இனி வேண்டாம் என்று தானே மருத்துவமனைக்குச் சென்ற பைகாப் பெண் திருப்பி அனுப்பப்பட்டாள். முகாமின் இலக்கை நிரப்ப ஆள் தேவைப்பட்டபோதோ, அதே இனத்துப் பெண் படுக்கையில் கிடத்தப்பட்டாள். தடையிலும் கட்டாயத்திலும் முடிவெடுத்தது அரசுதான். அந்தப் பெண்ணின் சொல்லுக்கு இரண்டு இடத்திலும் மதிப்பில்லை. பைகா மக்களே வழக்குத் தொடுத்துப் போராடிய பின்னர், 2018ஆம் ஆண்டு சத்தீஸ்கர் உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது.

அராரியா நிகழ்வை ஒட்டித் தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில், 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருத்தடை முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் கைவிட வேண்டும் என்றும், இலக்கு நிர்ணயம் பெண்களைக் கட்டாயத்துக்கு உள்ளாக்குவதைத் தடுக்க வேண்டும் என்றும் அது பணித்தது. தீர்ப்பு வந்தது போராட்டத்தால். தீர்ப்பு நடைமுறையாவதும் போராட்டத்தாலேயே.

மருத்துவச்சியின் அறிவும் சாதியின் கறையும்

இனி, பிரசவ அறைக்கு வருவோம். இந்தி பேசும் பகுதிகளில் 'தாயி' என்று வழங்கப்படும் மருத்துவச்சி, தலைமுறை தலைமுறையாகக் கிராமங்களில் பிள்ளைப்பேறு பார்த்துவந்தவள். காலனி ஆட்சி அவளை அழுக்கின், அறியாமையின் உருவமாகச் சித்திரித்தது. 1885ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டஃபரின் நிதியமும், 1903ஆம் ஆண்டு அவளுக்குப் பயிற்சியளிக்கவென்று தொடங்கப்பட்ட விக்டோரியா நினைவு நிதியும், தாய்மார் இறப்புக்கான பழியைப் பெரிதும் அவள் மீதே சுமத்தின. பஞ்சத்தையும் வரிச்சுமையையும் உருவாக்கிய ஆட்சிக்குக் குற்றவாளி தேவைப்பட்டபோது, எழுத்தறியாத ஓர் ஏழைப்பெண் அகப்பட்டாள்.

அவளுடைய அறிவில் இன்றைய மருத்துவம் ஏற்றுக்கொள்ளும் கூறுகள் உள்ளன. பெண்ணை மல்லாக்கக் கிடத்தாமல் குத்தவைத்தோ மண்டியிட்டோ பிள்ளை பெறச் செய்வது பழங்குடிகளின் பரவலான வழக்கம். தாய் விரும்பும் நிலையில் பிரசவிக்க அனுமதிக்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் உலக நலவாழ்வு நிறுவன வழிகாட்டுதல் கூறுகிறது. நஞ்சு வெளிவரும் வரை தொப்புள்கொடியை அறுக்காமல் காத்திருப்பது பல மருத்துவச்சிகளின் வழக்கம். கொடியை உடனே அறுக்காமல் சற்றுத் தாமதிப்பதே குழந்தைக்கு நல்லது என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. அனைத்துக்கும் மேலாக, வலி தொடங்கியது முதல் இறுதி வரை ஒரு பெண் உடனிருப்பது. 17 நாடுகளில் 15,858 பெண்களை உள்ளடக்கிய 26 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. தொடர்ந்த துணை கிடைத்த பெண்களுக்கு வலிநேரம் குறைந்ததையும், சிசேரியன் அறுவையின் தேவை குறைந்ததையும் அது எடுத்துக்காட்டியது.

ஆயினும் பழமை என்பதற்காக எதையும் போற்றுவது மார்க்சியப் பார்வையாகாது. அறுத்த கொடியின் மீது சாணம் பூசிய வழக்கம் எண்ணற்ற பச்சிளங் குழந்தைகளை இசிவு நோய்க்குப் பலி கொடுத்தது. தடுப்பூசியும் தூய்மையான பிரசவமும் பரவிய பின்னரே, 2015ஆம் ஆண்டு, இந்தியா அந்நோயை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. பிரசவத்தின்போது பெருகும் இரத்தப்போக்கை எந்த மருத்துவச்சியின் கைப்பக்குவமும் தனியே நிறுத்திவிட முடியாது. அதற்கு மருந்தும் இரத்தமும் அறுவை அறையும் தேவை. 2004-06இல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 254 ஆக இருந்த தாய்மார் இறப்பு 2018-20இல் 97 ஆகக் குறைந்ததில் மருத்துவமனைப் பிரசவத்துக்குப் பங்குண்டு. அதே காலத்தில் கேரளத்தில் அது 19, சத்தீஸ்கரில் 137, அசாமில் 195. பெண் எங்குப் பிறந்தாள் என்பது அவள் பிழைப்பாளா என்பதை இன்னும் தீர்மானிக்கிறது.

சாதியையும் மறக்கலாகாது. வட இந்தியச் சமவெளிகளில் தொப்புள்கொடி அறுக்கும் பணி 'தீட்டு' எனக் கருதப்பட்டுத் தலித் பெண்கள் மீது சுமத்தப்பட்டது. கூலி சிறிது தானியம், மறுத்தால் அடி. உத்தரப் பிரதேசத்தில் 1950களிலிருந்து தலித் மக்கள் நடத்திய 'நாரா-மவேஷி' இயக்கத்தில், பெண்கள் கொடியறுக்க மறுத்தனர். ஆண்கள் செத்த மாட்டை அகற்ற மறுத்தனர். நிலவுடைமையாளர்களின் தாக்குதலை அவர்கள் எதிர்கொண்டனர். மருத்துவச்சியின் மரபைப் போற்றிப் பேசும் எவரும் இந்த மறுப்பையும் அந்த மரபின் பகுதியாகவே கொள்ள வேண்டும். அறிவு மக்களுடையது, அதைச் சாதிக்கடமையாக்கியது ஆதிக்கம்.

தலைக்கு இவ்வளவு என்னும் ஊக்கத்தொகை

2005ஆம் ஆண்டு ஜனனி சுரக்ஷா திட்டம் வந்தது. மருத்துவமனையில் பிள்ளை பெற்றால் தாய்க்குப் பணம்; அழைத்து வரும் ஆஷா ஊழியருக்கும் பணம். 2005-06இல் 38.7 சதவீதமாக இருந்த மருத்துவமனைப் பிரசவம் 2019-21இல் 88.6 சதவீதமாக உயர்ந்தது. இது சாதனையே. ஆனால் பெண் மருத்துவமனைக்கு வந்தாளே தவிர, அவளுடன் இருந்தவள் வாயிற்படியிலேயே நிறுத்தப்பட்டாள். கோண்டி, ஹல்பி மொழிகள் மட்டுமே அறிந்த பெண், தன் மொழி அறியாதவர்கள் நடுவே, தனியே, அதட்டலையும் சில வேளைகளில் அறையையும் வாங்கிக்கொண்டு பிள்ளை பெறுகிறாள். மறுமுறை அவள் வர மறுத்தால் 'பழங்குடிகளின் அறியாமை' என்று குறிப்பெழுதப்படுகிறது.

குழந்தை பெற்ற அனுபவமுள்ள பெண் ஒருவரைப் பிரசவ அறையில் துணையாக அனுமதிக்கலாம் என்று ஒன்றிய அரசு 2016ஆம் ஆண்டு அறிவித்தது. ஒரு கட்டிலில் இருவர் படுக்கும் அரசு மருத்துவமனையில், திரைச்சீலைகூட இல்லாத அறையில், அந்த அறிவிப்பு தாளிலேயே நின்றுவிடுகிறது. தனியார் மருத்துவமனைகளிலோ 2019-21ஆம் ஆண்டுகளின் ஆய்வின்படி பிரசவங்களில் 47.4 சதவீதம் சிசேரியன் அறுவையில் முடிந்தன. அரசு மருத்துவமனைகளில் 14.3 சதவீதம். ஓரிடத்தில் போதாமை கொல்கிறது. மற்றோரிடத்தில் இலாபம் வெட்டுகிறது.

துணைக்கு வரும் பெண்ணின் நிலை என்ன? மித்தானின் திட்டம் 2002ஆம் ஆண்டு தொடங்கியது. ஒவ்வொரு குடியிருப்பின் பெண்களும் தங்களுக்குள் ஒருவரைத் தெரிந்தெடுத்தனர். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இவ்வாறு உருவாயினர். இதை முன்மாதிரிகளுள் ஒன்றாகக் கொண்டே 2005ஆம் ஆண்டு நாடு தழுவிய ஆஷா திட்டம் வந்தது. இன்று ஏறத்தாழ பத்து லட்சம் ஆஷாக்கள் உள்ளனர். 2022ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனம் அவர்களுக்கு விருதளித்தது. ஊதியம் மட்டும் இல்லை. நள்ளிரவில் கர்ப்பிணியுடன் வண்டியேறிச் செல்பவளுக்குத் தலைக்கு இவ்வளவு என்னும் ஊக்கத்தொகை. வழக்கமான மாதப் பணிகளுக்கான ஊக்கத்தொகையை 2018ஆம் ஆண்டு ஒன்றிய அரசு 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தியது.

இந்த முறையின் கொடுமை தொகையின் சிறுமையோடு நிற்பதில்லை. பிரசவத்துக்கு ஒரு பெண்ணை அழைத்து வந்தால் காசு. கருத்தடை அறுவைக்கு அழைத்து வந்தாலும் காசு. வறுமையில் வாடும் ஊழியையை, தன் பக்கத்து வீட்டுப் பெண்ணின் உடலை எண்ணிக்கையாகப் பார்க்க அரசு தூண்டுகிறது. முகாமில் மரணம் நேர்ந்தால், ஊரார் முன் நின்று பதில் சொல்ல வேண்டியவளும் அவளே. தோழி என்ற பெயரைக் கொடுத்து, அந்தத் தோழமையின் நம்பிக்கையை இலக்கு நிரப்பும் கருவியாக்கியதே ஊக்கத்தொகை முறையின் உள்ளடக்கம்.

தல்லி ராஜ்ஹராவின் பாடம்

மாற்று வழி உண்டா என்ற கேள்விக்குச் சத்தீஸ்கர் மண்ணிலேயே விடை உண்டு. பிலாய் உருக்காலைக்கு இரும்புத் தாது வழங்கும் தல்லி ராஜ்ஹரா சுரங்கங்களில், பழங்குடிகளும் தலித்துகளும் பெருமளவில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக உழைத்தனர். 1977ஆம் ஆண்டு அவர்கள் தங்களுக்கெனச் சங்கம் கண்டனர். சங்கர் குஹா நியோகி அதன் தலைவர்களுள் முதன்மையானவர். அதே ஆண்டு ஜூன் 2, 3ஆம் நாட்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் உயிரிழந்தனர்.

சங்கத்தின் துணைத் தலைவர் குசும் பாய். ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்களைத் திரட்டியவர். 1970களின் இறுதியில் அவர் பிரசவத்தின்போது உரிய மருத்துவம் கிடைக்காமல் இறந்தார். முதலாளிகளையும் காவல்துறையையும் எதிர்த்து நின்ற தலைவர் ஒருவர் பிள்ளைப்பேற்றில் மாண்டார். அவருடைய சாவை விதி என்று தொழிலாளர்கள் ஏற்கவில்லை. தமக்கென மகப்பேற்று மனையும் மருத்துவமனையும் கட்டுவதாக உறுதி பூண்டனர். வேலை முடிந்த பின் மண் சுமந்தனர். கூலியிலிருந்து பணம் கொடுத்தனர். பினாயக் சென், சைபால் ஜானா முதலிய மருத்துவர்கள் அவர்களுடன் இணைந்தனர். 1983ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், துப்பாக்கிச் சூட்டில் மாண்ட 11 பேரின் நினைவாக, 15 படுக்கைகளுடன் 'ஷஹீத் மருத்துவமனை' திறக்கப்பட்டது. தொழிலாளர் குடும்பத்தினரே பயிற்சி பெற்று அதன் ஊழியர்களாயினர். நியோகி 1991ஆம் ஆண்டு கொல்லப்பட்ட பின்னரும் மருத்துவமனை நிலைத்து நின்றது.

அமைப்பு வேறுபாடுகளுக்கு அப்பால் கட்சி இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்றுண்டு. பிரசவம் பெண்களின் சொந்த விஷயம், சங்கத்துக்கு அதில் வேலையில்லை என்று சுரங்கத் தொழிலாளர்கள் எண்ணவில்லை. கூலி உயர்வுக்கான கோரிக்கையையும் தாயின் உயிரையும் ஒரே போராட்டத்தில் இணைத்தனர். அதே வேளையில், தொழிலாளர் கட்டிய ஒரு மருத்துவமனை அரசின் பொறுப்பை நீக்கிவிடாது. அது வழிகாட்டியது, நாடெங்கும் அதைச் செய்ய வேண்டிய கடமை அரசுக்கே உரியது.

கட்சியின் முன் உள்ள பணிகள்

முதலாவதாக, ஆஷா, மித்தானின் ஊழியர்கள் தொழிலாளர்களாக அங்கீகரிக்கப்பட வேண்டும். திட்ட ஊழியர்களுக்குத் தொழிலாளர் தகுதியும் குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்கப் பரிந்துரைத்த 2013ஆம் ஆண்டின் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டு முடிவு நடைமுறைப்படுத்தப்பட வேண்டும். கருத்தடைக்கு ஆள் சேர்க்கும் ஊக்கத்தொகை ஒழிக்கப்பட வேண்டும்.

இரண்டாவதாக, பழங்குடிப் பகுதிகளின் அரசு மருத்துவமனைகளில் அவ்வூர் மருத்துவச்சிகள், அவர்களும் தாயும் விரும்பும் நிலையில், ஊதியத்துடன் பேறுகாலத் துணைவிகளாக ஏற்கப்பட வேண்டும். தாயின் மொழி அறிந்தவர் ஒருவரேனும் பிரசவ அறையில் இருப்பது உறுதி செய்யப்பட வேண்டும். எந்தச் சாதியினரும் பிறப்பால் இப்பணிக்கு உரியவராகக் கருதப்படலாகாது.

மூன்றாவதாக, மகப்பேற்று உதவி. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் குறைந்தது 6,000 ரூபாய் வழங்க 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வகை செய்தது. ஒன்றிய அரசின் மாத்ரு வந்தனா திட்டமோ முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் என்று சுருக்கியது. பின்னர் இரண்டாவது குழந்தை பெண்ணாயிருந்தால் மட்டும் 6,000 ரூபாய் என்று விரித்தது. சட்டம் எல்லாப் பெண்களுக்கும் தந்த உரிமை நிபந்தனையின்றி மீட்கப்பட வேண்டும்.

நான்காவதாக, பொது மருத்துவம். நலவாழ்வுக்கான அரசுச் செலவை 2025க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2017ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை அறிவித்தது. இரத்த வங்கியும் மயக்க மருந்து வல்லுநரும் இல்லாத வட்ட மருத்துவமனையில் எந்தத் துணைவியும் தாயைக் காப்பாற்ற முடியாது. துணைவிக்கான கோரிக்கையை மருத்துவமனைக்கான கோரிக்கையிலிருந்து பிரிப்பவர்கள், அறிந்தோ அறியாமலோ, அரசின் செலவுக் குறைப்புக்கே உதவுகின்றனர்.

கிளைகளில் பணியாற்றும் ஆண் தோழர்களுக்கும் இப்பணியில் பங்குண்டு. மாதர் அரங்கின் கோரிக்கை என்று ஒதுக்கிவைக்கும் மனப்பான்மை இன்னும் முழுதாக நீங்கவில்லை. குசும் பாய் மறைந்தபோது மண் சுமந்தவர்களில் ஆண்களும் பெண்களும் இருந்தனர்.

டூலா என்னும் சொல் அடிமையிலிருந்து பிறந்தது. மித்தானின் என்னும் சொல் தோழமையிலிருந்து பிறந்தது. நள்ளிரவில் கதவு தட்டப்பட்டதும் எழுந்து செல்லும் அந்தப் பெண்ணைத் தன்னார்வலர் என்னும் போர்வைக்குள்ளிருந்து வெளிக்கொணர்ந்து, உரிமையுள்ள தொழிலாளியாக, சங்கத்தின் உறுப்பினராக, தோழராக ஆக்குவதே கட்சியின் முன் உள்ள பணி. அவள் காக்கும் பெண்ணின் உரிமையும் அதனுடன் பிணைந்ததே.